பிளாக்கியோடு பெட்டி தேடப் போன கதை

"கேஷ் தேடப் போறோம் பாட்டி" என்று மகள் முதன்முதலில் சொன்னபோது என் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. காசு என்று நினைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, கால் முழுக்கச் சேறும் கையெல்லாம் கீறலுமாக, நாக்கைத் தொங்கப்போட்ட நாயோடு நாங்கள் திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கெடச்சுது?" ஒரு சின்னச் சீட்டில் பேர் எழுதிவிட்டு வந்தோம் என்றோம். "இதுக்கா இருட்டோட எழுந்து போனீங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜியோகேஷிங் அப்படிப்பட்ட விளையாட்டுதான். யாரோ ஒருவர் 'கேஷ்' எனப்படும் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போட்டு வைப்பார். நாம் கைப்பேசியோடு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. அடுத்த சில நாளைக்குள், மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் காட்டோரமாக ஒரு வாளியை வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று எண்களை இணையத்தில் போட்டார். அங்கே தொடங்கியது. அந்த வாளிக்குள் பீன்ஸ் டின் ஒன்றும் இருந்தது. இன்றைக்கு எந்தப் பெட்டியிலும் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது விதி. வாசனை பிடித்து விலங்குகள் பெட்டியை உடைத்துவிடும். இந்த விதி எவ்வளவு நியாயமானது என்று எனக்குப் பாடம் நடத்தியவன் பிளாக்கி.

பிளாக்கி கம்பத்து நாய், அதாவது நாட்டு நாய். பதினான்கு கிலோ. எங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் குட்டியாக நனைந்து கிடந்தவனை மகள்தான் தூக்கி வந்தாள். அவனை வெளியே கூட்டிப் போக ஒரு காரணம், மகளின் கையிலிருந்து விளையாட்டுச் செயலியைப் பிடுங்க ஒரு காரணம், இரண்டுக்கும் சேர்த்து இந்த விளையாட்டைப் பிடித்தோம். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். அது மற்றவர்களின் விளையாட்டைக் கெடுக்கும்.

முதல் நாளே தப்பு நடந்தது. ஒரு மரத்தின் வேரிடுக்கில், நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா. எங்களுக்கு முன்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே மிட்டாய் போட்டுவிட்டுப் போயிருந்தார். மகள் மூடியைத் திறந்து கீழே வைத்து, பேனாவைத் தேடினாள். அந்த நேரத்தில் பிளாக்கி டப்பாவைக் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டான். பிடித்து வாங்கியபோது மூடியின் ஒரு காது போயிருந்தது, டப்பா முழுக்க எச்சில். என் டீ சட்டையால் துடைத்து, மூடியை ஒப்புக்கு அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அடுத்து எடுக்கப்போறவங்க மலாய்க்காரங்களா இருந்தா?" என்றாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (பெரியம்மா) எங்கள் வாசலில் நின்று பேசும்போது பிளாக்கியை உள்ளே இழுத்துக் கட்டுவது பழக்கமாகவே இருந்தது. ஆனால் காட்டுக்குள் கிடக்கும் ஒரு டப்பா அடுத்து யார் கைக்குப் போகும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. முஸ்லிம்கள் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இதைச் சமாக் என்று சொல்வதை இங்கே எல்லோரும் கேட்டிருப்போம். எச்சில் பட்டது தெரியாமலேயே ஒருவர் அதைத் தொட்டுவிட்டுப் போவார் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றிரவே பெட்டிக்குச் சொந்தக்காரருக்குச் செயலி வழியாக நடந்ததை அப்படியே எழுதினேன். அவர் ஒரு மலாய்க்காரப் பெண். மறுநாள் பதில் வந்தது: சொன்னதற்கு நன்றி, வார இறுதியில் டப்பாவை மாற்றிவிடுகிறேன், நாய்க்கு வயிறு சரியாக இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் முறை மாறிவிட்டது. பெட்டி கிடைத்ததும் ஒருவர் பிளாக்கியோடு ஆறேழு அடி தள்ளிப் போய்விட வேண்டும். மற்றவர் நின்றபடியே திறந்து, எழுதி, மூடி, வைக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைப்பதே கிடையாது. தனியாகப் போகும் நாட்களில் கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறேன், எழுத இரண்டு கையும் வேண்டுமே. மரத்தில் கட்டிப்போட்டும் பார்த்தேன். அவன் சுற்றிச் சுற்றி வந்து மண்ணைப் பறித்து, இங்கேதான் புதையல் என்று ஊருக்கே விளம்பரம் செய்துவிட்டான். பெட்டிகளை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆகவே நாய் தோண்டினால் அங்கே கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை, நாம் விட்டுப்போகும் பள்ளம்தான் மிச்சம்.

சரி, நாயால் லாபமே இல்லையா? உண்டு. நடுத்தர வயது இந்திய ஆள் ஒருவன் தனியாக, கடலோரக் கைப்பிடியின் அடியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நகரத்துப் பெட்டிகள் பல சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். காந்தத்தால் ஒட்டி வைத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு காவலாளி வந்து, "அண்ணே, என்ன விழுந்துருச்சு?" என்று கேட்டு, அவரும் என்னோடு சேர்ந்து கால் மணி நேரம் தேடினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிளாக்கியோடு நின்றால் ஒருவரும் கேட்பதில்லை. நாய் மோப்பம் பிடிக்கிறது, ஆள் காத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கைப்பிடியில் சாய்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

பெட்டியை நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். பழக்கினால் முடியும் என்கிறார்கள். பிளாக்கி இதுவரை கண்டுபிடித்தது எல்லாம் கோழி எலும்புதான். நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தை விரித்துச் சாப்பிட்டுவிட்டு எலும்பைப் புதரில் எறிவது நம் ஊர் வழக்கம். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். "விடு" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்த பிறகே நாயைப் பாதைக்குக் கூட்டிப் போக வேண்டும். நான் தாமதமாகத்தான் கற்றுக்கொடுத்தேன்.

அடுத்தது வெயில். பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. பத்து மணிக்கெல்லாம் தலைக்கு மேல் அடுப்பு. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த மூச்சிரைப்பும் பாதிதான் பலிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன் கேட் என்ற மலைப்பாதை வாசலிலிருந்து ஏறினோம். பசியாறிவிட்டுப் போனதால் தாமதம், ஒன்பது மணி. ஐந்தாம் நிலையம் என்ற இளைப்பாறும் இடம் வரை மர நிழல். பிளாக்கி படிகளையும் வேர்களையும் தாண்டித் தாவித் தாவி ஏறினான். ஏறுவதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போது நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். காட்டுப் பாதை வழுக்கும், கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதையில் இறங்கிவிடலாம் என்றேன். அது தார் ரோடு, நல்ல சரிவு. பதினொன்றரை மணி. நிழல் இல்லாத வளைவு ஒன்றில் பிளாக்கி படுத்துவிட்டான். நாக்கு அகலமாக விரிந்து கருஞ்சிவப்பாக இருந்தது, எச்சில் கஞ்சி மாதிரி கெட்டியாகத் தொங்கியது, எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடியது. நான் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். நல்ல வேளையாக, கீழிருந்து ஏறி வந்த ஒரு சீனப் பெரியவர் தடுத்தார். முதலில் உடம்பை நனை, அப்புறம் ஓடு என்றார். நிழலில் கிடத்தி, எங்களிடமும் அவரிடமும் இருந்த தண்ணீரை எல்லாம் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் காலிலும் ஊற்றி, மகளின் தொப்பியால் விசிறினோம். கால் மணி நேரத்தில் அவன் தலை தூக்கினான். அதற்குப் பிறகே தூக்கிக்கொண்டு இறங்கி, நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனோம். நாயின் சாதாரண உடல் சூடே 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். பெரியவர் செய்ததுதான் சரி, வழியிலேயே சூட்டைத் தணிக்காமல் காரில் போட்டுக் கொண்டு வந்திருந்தால் கதை வேறு என்றார். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போது ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்போம், அதற்குத் தகுந்த பெட்டிகளை மட்டும்தான் பார்ப்போம். அவனுக்கென்று தனியாக ஒன்றரை லிட்டர் தண்ணீர். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவேன். என் கை தாங்காவிட்டால் அவன் காலும் தாங்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம் ஒன்று, பாதையின் கடினம் ஒன்று என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்புப் போட்டிருப்பார்கள். பாதை மூன்றுக்கு மேல் போனால் பிளாக்கி வீட்டில். நாய்க்கு ஏற்ற இடமா என்று காட்டும் சின்னமும் சில பெட்டிகளுக்கு இருக்கும். பெட்டிக்காரர் அதைப் போட மறந்திருந்தால் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. தேசியப் பூங்கா மாதிரி காட்டுயிர்கள் வாழும் இடங்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

குரங்கு விஷயம் தனி. தண்ணீர்மலைப் பக்கத்துக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சத்தம் கோயில் மணி மாதிரி. பிளாக்கிக்கு பிஸ்கட் எடுக்கலாம் என்று பையைச் சரசரத்தேன், ஆறு உருப்படிகள் இறங்கிவிட்டன. பெரிய கடுவன் ஒன்று பல்லைக் காட்டியது. அதன் கோரைப்பல் என் நாயின் பல்லைவிட நீளம். பிளாக்கி வீரம் காட்ட ஆரம்பித்தான். அந்த இடத்தில் செய்யக் கூடாதவை மூன்றையும் நான் செய்தேன்: அதன் கண்ணைப் பார்த்தேன், பதற்றத்தில் பல் தெரியச் சிரித்தேன், பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். மகள்தான் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பையை நான் அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குரங்குக்குத் தீனி கிடைத்த பாவமும் என் கணக்கில்தான். இப்போது அவன் தீனி ஜிப் வைத்த துணிப்பைக்குள், சத்தமில்லாமல்.

மழை விட்ட சாயங்காலங்களில் தேரை. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பக்கத்தில் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரத்தில் ஒரு பெட்டி, எளிதாக எடுத்துவிடலாம் என்று போனேன். நான் கல்லைப் புரட்டினேன், பிளாக்கி தேரையைக் கவ்வினான். மறு நொடி வாயெல்லாம் சோப்பு நுரை மாதிரி பொங்கியது. தேரையின் தோலில் இருக்கும் நஞ்சு அது. தலையைக் கீழே தாழ்த்திப் பிடித்து, கன்னத்துப் பக்கமாகத் தண்ணீர் ஊற்றி, விழுங்க விடாமல் வெளியே வழியச் செய்ய வேண்டும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நுரை நின்றது. நிற்காமல் நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். அந்தப் பெட்டியை நான் இன்னும் எடுக்கவில்லை.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. என்னை உண்மையில் பயமுறுத்தியது உண்ணி. ஒரு மலைநடை முடிந்து இரண்டு வாரம் கழித்து பிளாக்கி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஈறு வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தரைமட்டம். உண்ணி கடித்துப் பரவும் கிருமி, எர்லிக்கியா என்று பெயர். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். மூன்றாம் நாளே எழுந்து வாலாட்டினான், ஆனாலும் மாத்திரையை நிறுத்தாமல் முழுதும் கொடுத்தோம்.

அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் நாய்க்கு உண்ணி என்றால் மண்ணெண்ணெய் தடவுவார்களாம். அந்த வைத்தியம் வேண்டாம் என்று புரியவைக்க இரண்டு நாள் ஆனது. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். நெருப்புக் குச்சி, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கவும் கூடாது, விரலால் நசுக்கவும் கூடாது. காதுமடலுக்குள், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடியில் என்று ஒவ்வொரு நடைக்குப் பிறகும் தடவிப் பார்க்க வேண்டும். மாதாமாதம் கொடுக்கும் உண்ணித் தடுப்பு மாத்திரையும் உண்டு. நான் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போட்டது அதைத்தான். சிகிச்சைக்குக் கொடுத்த காசுக்கு எத்தனையோ மாதத்து மாத்திரை வாங்கியிருக்கலாம்.

ஊசி விஷயத்தில் மட்டும் நான் தள்ளிப்போட்டதில்லை. 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டோம். வெறிநாய் ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் வருடம் தவறாமல் போடுகிறோம். பெட்டிகள் இருக்கும் இடமெல்லாம் கால்வாய் ஓரம், பாலத்தின் அடி, எலி ஓடும் சந்து. கழுத்துப்பட்டையில் உரிம வில்லையும் என் கைப்பேசி எண்ணும் எப்போதும் இருக்கும். மூன்றாவதாக ஒரு வில்லையும் தொங்குகிறது: டிராவல் பக். பார்த்தால் நாய் வில்லை மாதிரியே இருக்கும் உலோகத் தகடு. அதில் ஓர் எண் பொறித்திருக்கும். பெட்டிக்குப் பெட்டி, நாட்டுக்கு நாடு பயணம் போவதற்காகச் செய்தது. மகள் அதைப் பெட்டியில் போடாமல் பிளாக்கியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் அவன் எண்ணையும் பதிவதால் எத்தனை கிலோமீட்டர் சுற்றியிருக்கிறான் என்று செயலியே கூட்டிக் காட்டுகிறது.

ஜார்ஜ் டவுனுக்குள் நாயைக் கூட்டிப் போவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அஞ்சடியில் (கடைகளின் முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில்) மோட்டார் சைக்கிள், மேசை, அடுப்பு, சாமிப் படையல் எல்லாம் இருக்கும். ஜிபிஎஸ்ஸும் சுவருக்குச் சுவர் முட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். போனால் அதிகாலையில், கடைகள் திறக்கும் முன். தங்கை ஒருமுறை தன் பூனையைக் கண்ணாடிக் குமிழி வைத்த முதுகுப்பையில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள். சுவர் ஓவியத்தைவிடப் பூனையைப் படமெடுத்தவர்கள்தான் அதிகம். வெயிலேறினால் அந்தக் குமிழிக்குள் பூனை வெந்துவிடும். இரண்டாவது பெட்டியோடு திரும்பிவிட்டோம், பூனை மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

பண்டிகைக் காலத்தையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு ரதம் போகும் வழியெல்லாம் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள். பெருக்கி அள்ளினாலும் சிரட்டைச் சில்லு ரோட்டோரத்தில் பல நாள் கிடக்கும், பாதத்தைக் கிழித்துவிடும். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் மக்கள் தீ கோங் சாமிக்குப் படைக்கும்போது விடிய விடிய வெடிதான். மறுநாள் காலையில் ஒரு பட்டாசு மிச்சம் வெடித்தாலும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இந்த இரண்டு காலத்திலும் நாங்கள் வீட்டில்தான்.

போன வாரம் மலையடிவாரத்தில் இரண்டு பெட்டி. ஒன்று கிடைத்தது, இன்னொன்றுக்கு மரக்கூட்டத்துக்குள் கைப்பேசி இருபது மீட்டர் இங்கேயும் அங்கேயும் அலைக்கழித்ததால் எட்டரை மணிக்கு விட்டுவிட்டு வந்தோம். வாசலில் அம்மா பழைய துணியை விரித்து, இடுக்கியும் கொட்டாங்கச்சியில் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார். பிளாக்கி போய் அவர் மடியில் தலையை வைத்துக் காதைக் காட்டினான்.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த மகள், கொட்டாங்கச்சியை எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "எவ்வளவு கெடச்சுது பாட்டி?"

"மூணு" என்றார் அம்மா, தலையைத் தூக்காமல். "இன்னும் இந்தக் காதைப் பார்க்கல."